மருந்தடிக்கும் நாட்கள்

என் மனைவியைத் தேனி பஸ் ஸ்டாண்டில் பார்த்த நேரத்தில் அவள் ஓடைப்பட்டியில், எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பு. பாதித் தோட்டம் முடிந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. சின்னமனூர்க் கடையில் இருப்பு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தேனிக்கே வந்தேன். மருந்தை வாங்கி டேங்க் கவரில் திணித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு டீ சொல்லித் திரும்பினால், வருசநாடு போகிற டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சத்தம் வரவில்லை. முப்பது வருசமாகப் பார்க்கிற முகம்தான். ஜன்னல் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு, எதிரே நின்ற கம்பம் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் அவ்வளவு நிம்மதியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. என் டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“இன்னைக்கு எங்கயும் போனியா?”

“எங்க போக? வீட்லதான் கெடந்தேன். துணி மடிச்சேன்.”

மடித்த துணி கட்டிலில் இருந்தது என்னவோ உண்மை. எப்போது மடித்தாளோ.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரன். பக்கத்துத் தோட்டத்துக் குலை நம்முடையதைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இதிலெல்லாம் எனக்கு வெட்கமில்லை. விவசாயி பொறாமைப்படாவிட்டால் எப்படித் தோட்டம் பார்ப்பது? என்னுடைய பெரிய பொறாமை வேறு. அது ஊர் ஊராகத் திரிகிறவர்கள் மேல்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பயணப் புத்தகங்கள் இருக்கிற அலமாரி எனக்கு மனப்பாடம். பனிமலையில் தனியாக நடந்தவர்கள், பாலைவனத்தில் ஒட்டகத்தோடு போனவர்கள், கையில் காசில்லாமல் கடல்கரையோடே நாடு நாடாகப் போனவர்கள், எல்லாரையும் படித்திருக்கிறேன். தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குள் ஒரு கயிற்றுக்கட்டில் கிடக்கும். மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க அதில் படுத்துப் படிப்பேன். படிக்கப் படிக்கச் சந்தோஷம் வரும் என்று நினைக்கிறீர்களா? எரிச்சல்தான் வரும். இவனுக்கு மட்டும் தோட்டம் கிடையாதா, பெண்டாட்டி பிள்ளை கிடையாதா, யார் விட்டார்கள் இவனை என்று பொருமிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். அந்த மாதிரி எல்லாப் புத்தகத்திலும் ஒரு பக்கம் வரும். எழுதினவன் எங்காவது தண்ணீர்க்கரையில், யாருமில்லாமல், ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

டீக்கடையில் என்னைக் கண்டால், “இமயமலை வந்துட்டாகப்பா, ஒரு டீ போடு” என்பார்கள். கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்கும். எந்தக் கணவாயில் எந்த மாதம் பனி உருகும், தோளில் மாட்டுகிற பையில் எது மேலே இருக்க வேண்டும் எது கீழே என்றெல்லாம் நான் சொல்வதைக் கேட்டால் போய்விட்டு வந்தவன் என்றுதான் நினைப்பீர்கள். நான் போன தூரம், மகளைக் கட்டிக்கொடுத்த கோயம்புத்தூர். அதுவும் போன அன்றே திரும்பிவிடுவேன். ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: “இந்தத் திராட்சை விட்டாத்தான?”

பொய்யும் கிடையாது. விதையில்லாத் திராட்சை கைக்குழந்தை மாதிரி. கவாத்து வெட்டியதிலிருந்து பழம் லாரி ஏறுகிறவரை கண்ணை எடுக்க முடியாது. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் துளிர் விட்டுப் பூ இறங்குகிற நேரம். வானம் மூடம் போட்டு ராத்திரி பனியும் இறங்கினால் செவட்டை நோய் வந்துவிடும். இலைக்கு மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி தெரியும், அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஒரு வாரத்தில் குலை கருகிவிடும். அதனால் மூன்று நாளைக்கு ஒரு தடவை, நான்கு நாளைக்கு ஒரு தடவை மருந்தடித்தே ஆக வேண்டும்.

மருந்தடிக்கிற நாளுக்கு ஒரு நடைமுறை உண்டு. பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கீழே நின்று மேலே பார்த்து அடித்தால் பாதி மருந்து நம் தலையிலேயே கொட்டும். அதனால் அன்றைக்குத் தோட்டத்துக்குப் பெண்கள் யாரும் வர மாட்டார்கள். மற்ற நாட்களில் கொடி கட்டவும் இலை கிள்ளவும் வருகிற பத்துப் பன்னிரண்டு பெண்களை வைத்து வேலை வாங்குவது என் மனைவிதான். மருந்தடிப்பு அன்று அவளுக்கு அந்த வேலை இல்லை. காலையில் எனக்குத் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. நான் பேரலில் மருந்தைக் கலக்கிவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மருந்து ஓஸ் பிடிக்கிறவரோடு சாயங்காலம் வரை பந்தலுக்கு அடியில்தான் கிடப்பேன்.

ஆக, எட்டரை மணியிலிருந்து ஐந்து மணிவரை அவள் என்ன செய்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. தேனியிலிருந்து திரும்பி வரும்போது பைக்கில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருசமாக எப்போது மருந்தடிக்கலாம் என்று நாள் குறித்தது நான். அவளுக்கும் சேர்த்துத்தான் நாள் குறித்திருக்கிறேன் போலிருக்கிறது.

என் புத்தி எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு, நாற்பத்தெட்டு வயசு, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறவள். இருந்தாலும் புத்தி அங்கேதான் போனது. வருசநாட்டுப் பக்கம் எங்களுக்குச் சொந்தம் யாரும் கிடையாது. அப்படியென்றால் அங்கே யார்? மூன்று நாள் இதே நினைப்பு. அவள் குழம்பு ஊற்றும்போது கையைப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்றால் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்தேன். அவள் எப்போதும்போல்தான் இருந்தாள். அதுவே சந்தேகமாக இருந்தது.

அடுத்த மருந்தடிப்பு அன்று, ஓஸ் பிடிக்கிறவரிடம் பேரலைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, பல் வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். நேரே தேனி. கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்று பைக்கின் டேங்க் கவருக்குள் கிடந்தது, அதை மாட்டினேன். துண்டைத் தலையில் உருமாக் கட்டினேன். வருசநாடு பஸ்ஸின் பின்பக்கமாக ஏறி, கடைசி சீட்டில், மூலையில் ஒடுங்கினேன். பத்து நிமிசத்தில் அவள் முன்பக்கமாக ஏறினாள். அதே ஜன்னல். கண்டக்டர் அவளிடம் காசு கேட்கவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் ஏது காசு? சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்தார்.

“எங்க போகணும் பெருசு?”

எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால்தான் தெரியும். மெதுவாக ஏதோ முனகினேன்.

“என்னது? மாஸ்க்கக் கழட்டிட்டுச் சத்தமாச் சொல்லுங்க.”

“கடைசி ஸ்டாப்பு!” என்று கத்தினேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. நல்லவேளை, ஏதோ நினைப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டமனூர் தாண்டி, கடமலைக்குண்டில் இறங்கினாள். நானும் பின்னால் இறங்கிக் காய்கறிக் கடை மறைவில் நின்றேன். அவள் ஒரு டீக்கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா இவளைப் பார்த்ததும், கேட்காமலேயே சீனியில்லாத டீயை ஆற்றிக் கொடுத்தாள். அப்படியென்றால் எத்தனை தடவை வந்திருக்க வேண்டும்? இவளுக்குச் சீனி ஆகாது என்பது எனக்கே போன வருசம்தான் தெரியும். குடித்து முடித்து, தென்னந்தோப்பு ஓரமாக இறங்கி ஆற்றுக்குப் போனாள். மூல வைகையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நனைத்து, ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ வரப்போகிறான் என்று நான் கருவேல மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன்.

யாரும் வரவில்லை.

இரண்டு மணி நேரம். காலில் எறும்பு ஏறியது, முள் குத்தியது, தட்டிவிடக்கூட முடியாமல் நின்றேன். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். போனை எடுக்கவில்லை. அக்கரையில் ஒருத்தன் ஆடுகளை ஓட்டிப் போனான், அவன் இவளைப் பார்க்கவில்லை, இவளும் கூப்பிடவில்லை. மத்தியானம் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துச் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

அப்பாடா என்று இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, ஒரு தும்மல் போடுகிற நேரத்துக்கு. அதற்குப் பிறகு வந்தது வேறு. ஓர் ஆள் வந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், அவளை நாலு கேள்வி கேட்டிருப்பேன், ஊரே என் பக்கம் நின்றிருக்கும். பாறையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தவளை என்னவென்று கேட்பது? நான் இரண்டிரண்டு தடவை படித்த அந்தப் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்திருக்கிறாள். தோளில் மாட்டுகிற பை இல்லை, வரைபடம் இல்லை, ஒரு புத்தகம் படித்தது கிடையாது. நூலக அட்டையே இல்லாதவள். “தனியாப் போறதுக்குன்னு ஒரு மனசு வேணும், அது எல்லாருக்கும் வாய்க்காது” என்று அவள் அரிசி புடைக்கும்போது எத்தனை நாள் பாடம் எடுத்திருக்கிறேன். “ம்” என்பாள். அந்த “ம்”முக்குள் இவ்வளவு வைத்திருந்தாளா?

எனக்கு எரிந்தது. இதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அவளுக்கு ஒருத்தன் இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தவன் நான்தான், மறைக்கப்போவதில்லை.

வீட்டில் வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, திராட்சைக்காரன் ஒருவன் செய்யக்கூடாத காரியம்.

அடுத்த மருந்தடிப்பு வெள்ளிக்கிழமை. காலையில் அவள் தூக்குச்சட்டியை நீட்டியபோது முகத்தைப் பார்த்தேன். கிளம்பத் தயாராக இருக்கிற முகம். கொண்டையை இறுக்கிப் போட்டிருந்தாள். “இன்னைக்கு அடிக்கல. கொடி கட்ட ஆளக் கூப்பிடு” என்றேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்துப் பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அன்று முழுக்க அவள் பந்தலுக்கு அடியில் நின்று வேலை வாங்கினாள். நான் கயிற்றுக்கட்டிலில் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஓஸ் பிடிக்கிறவர் மறுநாள் வந்து வானத்தைக் காட்டினார்.

“மூடமாக் கெடக்குண்ணே. இன்னைக்கு அடிச்சுருவோம். போன வருசம் மேற்கால ஒரு தோட்டத்துல ரெண்டு நாள் தள்ளிப் போட்டாக, பூராவும் போச்சு.”

“நாளைக்குப் பாப்பம்.”

“நாளைக்குப் பூ இறங்கிருமேண்ணே, செவட்டை மொதல்ல பூவத்தான பிடிக்கும்?”

“நான் பாத்துக்கிறேன், நீ போ.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நாற்பது வருசம் திராட்சை பார்த்தவனிடம் அவர் வேறென்ன சொல்ல முடியும்? நான் வேண்டுமென்றே தோட்டத்தைக் கெடுக்கவில்லை. மூடம் கலைந்துவிடும், வெயில் அடிக்கும், ஒரு தடவை தவறினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கொண்டையைப் பார்ப்பேன். இறுக்கிப் போட்டிருந்தால் மருந்தடிப்பைத் தள்ளிப்போடுவேன். ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மழைக்குள் அடித்தால் மருந்து நிற்காது.

மழை விட்ட அன்று தோட்டத்துக்குப் போனோம், இரண்டு பேரும். பந்தலுக்கு அடியில் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையை உயர்த்தி ஓர் இலையைப் பறித்துத் திருப்பினாள். அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடுத்த இலை, அதற்கடுத்த வரிசை, கிணற்று மேட்டுப் பக்கம், எல்லா இடத்திலும் அதே. பூ கருகி, தொட்டால் உதிர்ந்தது. அந்த வருச மகசூல் அதோடு முடிந்தது.

“எதுக்கு மருந்தடிக்காம விட்டீக?” என்றாள்.

“மழை வரும்னு நெனச்சேன்.”

“மழைக்கு முன்னாடிதான அடிக்கணும்?”

அவள் இலையைக் கீழே போட்டாள்.

“நான் போகக்கூடாதுன்னுதான?”

“எங்க போகக்கூடாது?”

“கடமலைக்குண்டுக்கு. அன்னைக்கு எம்பின்னாடி வந்தீகள்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்க், உருமா எல்லாம் என்ன ஆனது?

“கடைசி ஸ்டாப்புன்னு அந்தக் கத்து கத்துனீக. பஸ்ஸுக்கே கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா? முப்பது வருசமா அந்தத் தொண்டைக்குத்தான பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“தெரிஞ்சுமா எறங்குன? திரும்பி வந்துருக்கலாம்ல?”

“எறங்காட்டி நீங்க வேறென்னமும் நெனச்சிருப்பீக. சரி, நல்லாப் பாத்துட்டே போகட்டும்னு உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம் அந்தப் பாறையில உக்காந்து இடுப்பே போச்சு. எந்திரிச்சு நடக்கவும் முடியல, பாடவும் முடியல.”

“பாடுவியா?”

“யாரும் இல்லாட்டிப் பாடுவேன்.”

முப்பது வருசத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. மகளுக்குத் தாலாட்டுக்கூட அவள் அம்மாதான் பாடினார்கள். கருகின பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, தோட்டம் போனதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில், அவள் என்ன பாட்டுப் பாடுவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். பஸ்ஸில் காசு வேண்டாம் என்று ஆன புதிதில், மூக்குக்கண்ணாடி மாற்றத் தேனிக்குப் போனாளாம். திரும்பி வருகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வருசநாடு பஸ் நின்றதாம். ஏறிவிட்டாளாம். அதற்கப்புறம் வடுகபட்டி, போடி, கம்பம் என்று ஒவ்வொன்றாக. வடுகபட்டியில் இறங்கினாலே பூண்டு வாசம் வயிற்றைக் கிள்ளும் என்றாள். எனக்கும் அந்த ஊர் தெரியும். பூண்டு வாங்கப் போயிருக்கிறேன், வாங்கியதும் வந்துவிடுவேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?” என்றேன்.

“சொன்னா நீங்களும் வருவீக. இல்லாட்டி எதுக்குன்னு கேப்பீக. எதுக்குன்னு எனக்கே தெரியாது, என்னத்தச் சொல்ல?”

வாடின குலைகளை வெட்டிக் குப்பையில் கொட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. முடித்த அன்று சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“இனிச் சித்திரைக் கவாத்து வரைக்கும் தோட்டத்துல ஒண்ணுமில்ல. திராட்சை விட்டாத்தானன்னு எப்பவும் சொல்லுவீகள்ல. இப்ப விட்டுருச்சு. இமயமலையோ எதுவோ, போயிட்டு வாங்க. தண்ணி பாய்ச்சுறத நான் பாத்துக்கிறேன்.”

குத்திச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகம் சாதாரணமாக இருந்தது. இருந்த ஒரே சாக்கை நானே மருந்தடிக்காமல் கொன்றிருந்தேன்.

நான் இமயமலைக்குப் போகப்போகிறேன் என்று டீக்கடையில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. போய்த்தானே ஆக வேண்டும்? மகள் போனிலேயே ரயில் டிக்கெட் போட்டாள். மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, அதற்கு மேல் என் இஷ்டம். பதினைந்து நாள். கிளம்புகிற அன்று காலையில் என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள், மாத்திரையை எந்தப் பக்கம் வைத்திருக்கிறாள் என்று காட்டினாள், “போன ஆஃப் பண்ணிப் போட்டுறாதீக” என்றாள். பஸ் ஏறுகிற இடம் வரை வந்தாள். கொண்டையை இறுக்கிப் போட்டிருந்தாள்.

மதுரை ஸ்டேஷனில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பிளாட்பாரப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆயிரம் பேர் போனார்கள், வந்தார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இதற்குத்தானே இத்தனை வருசம் ஏங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அரை மணி நேரம் தாங்கியது. பிறகு பயம் வந்தது. பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். டெல்லியில் இறங்கி யாரிடம் என்ன கேட்பது? வயிறு சரியில்லாமல் போனால்? அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் இருக்க மாட்டாள். என்னை அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாள். பதினைந்து நாள் நான் பெட்டியில் முடங்கிக் கிடந்து, முன்பின் தெரியாதவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு போவேன். அந்தப் பதினைந்து நாளும் அவளுக்குத் தோட்டமில்லை, மருந்தடிப்பில்லை, நானும் இல்லை. இமயமலைக்கு நான் போனால், நிஜமாகப் பயணம் போவது அவள்தான். பாட்டும் பாடுவாள். பயத்தையாவது பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. ரயில் பிளாட்பாரத்துக்கு வருவதாக அறிவித்தபோது நான் ஸ்டேஷனுக்கு வெளியே தேனி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

ஓடைப்பட்டியில் இறங்கும்போது மணி ஐந்தரை. டீக்கடை வழியாகப் போகாமல் பின்தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி அவளிடம். வாசல்படியில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று நாலைந்து பொய்களை அடுக்கி வைத்தேன், யாரும் கேட்கவில்லை.

ஆறே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெருவில் மெதுவாக, பையை ஆட்டிக்கொண்டு, அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், வாசலில் ஆள் இருப்பதைக் கண்டு நின்றாள். நான்தான் என்று தெரிந்ததும் மிச்ச தூரத்தை வேகமாக நடந்து வந்தாள்.

“அதுக்குள்ள வந்துட்டீகளா?” என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கிண்டலாகக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். லீவு என்று எழுந்த பிள்ளையிடம், இல்லை, பள்ளிக்கூடம் உண்டு என்று சொன்னால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டாள். ஏன் வந்தீர்கள், என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை. கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எங்கேயோ கடையில் வாங்கிய இரண்டு புரோட்டா, கொஞ்சம் சால்னா. இன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம் என்று தனக்காக வாங்கியது. அடுக்களையில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. ஒரு புரோட்டாவை என் தட்டில் வைத்து, சால்னாவில் பாதியை ஊற்றி, என் முன்னால் நகர்த்தினாள். நான் சாப்பிட்டேன்.